புற்றுக்குள் இருந்த பல்லி: பிரேசிலின் செராடோ புல்வெளிக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

செம்மண்பாதை:
பிரேசிலில் மினாசு என்ற ஊர்ப் பக்கம், ஆகஸ்ட். எல்லாம் காய்ந்து கிடந்தது. உடைந்த கறையான் புற்று ஒன்றில் ஒரு கட்டியைப் புரட்டினேன். அடியில் அமராலி என்ற பல்லி. ஜிம்னோடாக்டிலஸ் அமராலியேதான். பிடிக்கக்கூட இல்லை, விரல் பட்டது, அவ்வளவுதான். வால் என் உள்ளங்கையில் துள்ளுகிறது. பல்லியோ ஓடவில்லை. ஒரு சாண் தள்ளி நின்று, நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது! இரண்டு வருடமாகிறது, இன்னும் மறக்கவில்லை.

மழைக்காகம்:
இதற்குப் போய் புற்றைப் புரட்டுவார்களா? பிரசிலியாவில் நான் தங்கிய அறையில், குளியலறைச் சுவரிலேயே தினமும் இரண்டு நிற்கும். ஒன்று என் டூத் பிரஷ் மேலேயே விழுந்தது.

தூரதேசி:
மழைக்காகம், அது மபூயாவாக இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய வீட்டுப் பல்லி. அமராலியின் விரல்களில் ஒட்டும் பட்டையே கிடையாது, வழவழ சுவரில் எப்படி ஏறும்? ஜிம்னோடாக்டிலஸ் என்ற பெயருக்கே வெறும் விரல் என்றுதான் பொருள்.

நான் பார்த்தது செர்ரா டா மேசா அணையில். 1996இல் நீர் நிரம்பத் தொடங்கியதும் குன்றுகளின் உச்சியெல்லாம் தீவாகிவிட்டன. பெரிய கறையான்களைத் தின்று வந்த பெரிய ஓணான் வகைகள் அங்கே அழிய, அந்தக் கறையான்கள் மிஞ்சின. அவற்றையும் விழுங்க ஆரம்பித்த அமராலிக்கு 15 ஆண்டுக்குள் தலை பெரிதாகிவிட்டது, உடம்பு அப்படியே. ஆய்வு செய்த 5 தீவுகளிலும் இதே கதை. படகில் போனபோது பட்ட மரங்கள் நீருக்கு மேலே நின்றன. ஒரு தீவில் இறங்கி ஒரு பல்லியைப் பார்த்தேன். தலை பெரிதா என்று கேட்காதீர்கள், பார்த்த நேரம் மூன்று நொடி.

காட்டுவாசி:
நான் கண்டது வெறும் வால்தான், உள்ளே ஓடிவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். புற்றில் வெறுங்கையை விடாதீர்கள், பாம்பும் அங்கேதான் ஒதுங்கும். முழங்கால் வரை தோல் உறை போடுங்கள். கட்டியைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். உள்ளே இருப்பது அந்தப் பக்கம் ஓடிவிடும். அப்புறம் கட்டியை இருந்தபடியே வையுங்கள். இதைச் செய்யாமல் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

செம்மண்பாதை:
இருந்தபடியேதான் வைத்தேன் ஐயா. வால் மட்டும் அன்று இரவு என் சட்டைப்பையில் இருந்தது.