மூன்று ஷிஃப்ட்டுக்கு ஒரு டிக்கெட்: இசை விழாவில் தன்னார்வலராக நிற்கலாமா?

முதல்முறை:
பெரிய இசை விழா ஒன்றில் ஸ்டீவர்டாக நிற்க நானும் தோழியும் பெயர் கொடுத்திருக்கிறோம். வழி சொல்வது, கேட்டில் கைப்பட்டை (டிக்கெட்டுக்கு அடையாளமாகக் கையில் கட்டும் பட்டை) பார்ப்பது, கூட்டத்தைக் கவனிப்பது, இவைதான் வேலை என்றார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று பார்த்தால் போதும், மற்ற நேரமெல்லாம் நம்முடையது. டிக்கெட் வாங்க வேண்டாம். தங்குவதற்குத் தனித் திடல், குளிக்க வெந்நீர் எல்லாம் உண்டு. ஆனால் டிக்கெட் விலைக்கு ஈடான தொகையை முன்பே டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். மூன்று ஷிஃப்ட்டையும் முடித்தால் திருப்பித் தருவார்கள். "காசு கட்டி வேலைக்குப் போகிற முதல் ஆள் நீதான்" என்று அண்ணன் சிரிக்கிறான். நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சிரித்ததில் தப்பில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று எட்டு 24. அதோடு முடிந்ததா? பயிற்சி வகுப்பு தனி. ஷிஃப்ட்டுக்கு முன்னால் போய்ப் பெயர் பதிந்து, ஸ்டீவர்டுகள் போடும் மேல்சட்டை வாங்கி, திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, முடிந்ததும் திரும்ப நடக்க வேண்டும். 30 மணி நேரம் என்றே வையுங்கள். டிக்கெட் விலையை 30ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஒரு மணி நேரக் கூலி. வேறு வேலையில் கிடைப்பதைவிட அது குறைவு என்றால், மிச்சத்தை நீங்கள் தானம் கொடுக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இது என் கஞ்சத்தனம் இல்லை. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, லாபத்துக்கு நடக்கும் தனியார் கம்பெனிக்கு யாரும் 'தன்னார்வலராக' உழைக்க முடியாது. உழைத்தால் அது வேலை, கூலி கொடுத்தாக வேண்டும். பிரிட்டனின் 1998 குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 44ஆம் பிரிவில் தன்னார்வலர்களுக்கு விலக்கு தருகிறது. அதுவும் தொண்டு நிறுவனங்கள், அவை போன்ற அமைப்புகளில் இருப்பவர்களுக்குத்தான். சும்மா கிடைக்கிற ஆளை வைத்து லாபம் பார்க்கிறவன் எந்த ஊரிலும் இருப்பான் என்பதால்தான் சட்டத்தில் இப்படிக் கோடு கிழித்திருக்கிறார்கள்.

பச்சைக்கூடாரம்:
வகுத்தல் கணக்கு சரிதான் ஐயா. ஆனால் நீங்கள் கிழித்த அதே கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பெரும்பாலான பெரிய விழாக்கள் ஆள் எடுக்கின்றன. பிரிட்டனின் கிளாஸ்டன்பரி விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டீவர்டுகளில் பலரை அனுப்புவது ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம். நாம் நிற்கும் நேரத்துக்கு விழா ஆக்ஸ்ஃபாமுக்குப் பணம் கொடுக்கிறது, அது அவர்களின் தொண்டு வேலைக்குப் போகிறது. குடிநீர், சுகாதாரத்துக்கான வாட்டர்எய்டு தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்களும் அங்கே உண்டு. குடிநீர் கொடுப்பது, கழிப்பறைகளைக் கவனிப்பது போன்றவை அவர்கள் வேலை. (அந்த மேல்சட்டை போட்டவர்களைக் கண்டால் நான் எழுந்து நின்று வணங்குவேன்.) டென்மார்க்கின் ரொஸ்கில்டே விழா இன்னும் ஒருபடி மேலே. விழாவே லாபநோக்கில்லாதது, மிச்சப் பணத்தைத் தொண்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், நடத்துவது ஏறக்குறைய 30,000 தன்னார்வலர்கள். இதில் எந்த முதலாளியின் பையை நிரப்பினோம்?

டெபாசிட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைப்பட்டை கட்டிய மறு நிமிடம் மாயமாகி, மூன்று நாளும் பாட்டுக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வராத இடத்தில் வேறொருவர் இரண்டு ஷிஃப்ட் சேர்த்து நிற்பார். ஒருமுறை நான் அப்படி நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் டெபாசிட்டைப் பற்றி நான் முணுமுணுத்ததே இல்லை.

பணக்கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. ஆறு வருடம் நின்றவள் சொல்கிறேன். அதிகாலை மூன்று மணி, கூடாரத் திடலில் பாதைகள் பிரியும் இடத்தில் என் ஷிஃப்ட். ஒரு பையன் கூடாரத்தைத் தொலைத்துவிட்டு வந்தான். அடையாளம் என்ன தம்பி என்றேன். "நீலக் கூடாரம். பக்கத்தில் ஒரு கொடி இருந்தது" என்றான். அந்தத் திடலில் நீலமில்லாத கூடாரத்தை, கொடியில்லாத கூடாரத்தை எண்ணுவது சுலபம். ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினோம். கிடைத்ததும் அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே விழுந்து தூங்கிவிட்டான். அந்த விழாவில் எந்தக் குழு என்ன பாடியது என்பது எனக்கு மறந்துபோயிற்று.

பாஸ்கிட்டார்:
நீங்கள் எந்தக் குழுவுக்காகப் போகிறீர்களோ, அது மேடை ஏறும்போது நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் நிற்பீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்கூடாரம்:
இதை மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போகிறது என்றால், என் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு யாரோ ஒரு விலை போட்டு வாங்குகிறார்கள். அந்த விலையை உங்களுக்குச் சொன்னார்களா? நான் கேட்டுப் பார்த்த இடத்தில் சிரித்து மழுப்பினார்கள். தானம் செய்கிறவருக்குத் தொகை தெரிய வேண்டாமா? அப்புறம், நீங்கள் நிற்கும் இடத்தில் போன வருடம் கூலிக்கு ஒருவர் நின்றிருக்கலாம். அவருக்கு இது வருடத்தில் நான்கு மாத வேலை. நமக்கு விளையாட்டு.

எல்லா விழாவும் ரொஸ்கில்டே ஆகிவிடாது. நல்ல இடத்தை எடுத்துக்காட்டி மோசமான இடத்துக்கும் ஆள் சேர்ப்பது பழைய வித்தை.

மஞ்சள்சட்டை:
அந்த மோசமான இடத்தில் நான் நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம். வெளிவேலி ஓரமாக ஒரு சிறிய கேட், இரவு பத்து மணி ஷிஃப்ட். காலை ஆறுக்கு மாற்றி விட ஆள் வர வேண்டும், வரவில்லை. வாக்கி டாக்கியில் சார்ஜ் இரண்டு மணிக்கே போய்விட்டது. சூப்பர்வைசர் ராத்திரி ஒருமுறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டை விட்டுப் போனால் டெபாசிட் போய்விடும் என்ற பயத்தில் ஒன்பது மணிவரை நின்றேன். கழிப்பறைக்குப் போகக்கூட மாற்று ஆள் கிடையாது. ஒன்பதுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "நீ இன்னும் இங்கேயா இருக்கிறாய்?"

மீதி இரண்டு ஷிஃப்ட்டுக்கு நான் போகவில்லை. டெபாசிட் போனது. கேவலமாக இருந்தது, ஆனால் வருத்தம் இல்லை.

பச்சைக்கூடாரம்:
படிக்கவே கோபமாக வருகிறது. நீங்கள் போனது சரி.

இரண்டாம்தடுப்பு:
மேடைக்கு முன்னாலுள்ள தடுப்பில் சம்பளத்துக்கு நின்ற ஆள் நான், அதனால் இந்தச் சண்டையில் இரண்டு கட்சியிலும் சேர மாட்டேன். கூலி உண்டா இல்லையா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். மஞ்சள்சட்டையின் பதிவில் எனக்குத் திக்கென்று பட்டது கூலி இல்லை, சார்ஜ் போன வாக்கி டாக்கி. அந்த ராத்திரி அந்த வேலிக்கு வெளியே ஐந்நூறு பேர் திரண்டிருந்தால் அவர் யாரைக் கூப்பிட்டிருப்பார்?

நெரிசல் என்றால் மிதிபட்டுச் சாவது என்றுதான் பத்திரிகைகளே எழுதுகின்றன. பெரும்பாலும் அப்படி இல்லை. நின்றபடியே சாகிறார்கள். நாலு பக்கமும் அழுத்தம் வரும்போது நெஞ்சு விரிய இடமிருக்காது, மூச்சை உள்ளே இழுக்க முடியாது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை தள்ளுமுள்ளு இல்லாமல் நிற்கலாம். ஐந்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஆறு, ஏழு என்று ஏறும்போது கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். யாரும் தள்ளாமலேயே அலை அலையாக அசையும், தனி ஆளின் பலம் அங்கே செல்லாது. 2000 ஜூன் 30 அன்று, நீங்கள் மெச்சிய அதே ரொஸ்கில்டேயில், மேடைக்கு முன்னால் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். லாபநோக்கில்லாத விழா, நல்லெண்ணம் நிறைந்த கூட்டம். இரண்டும் இருந்தும் நடந்தது. அப்புறம்தான் மேடைக்கு முன்பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரித்து, எண்ணி உள்ளே விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

ஸ்டீவர்டின் வேலை கூட்டத்தைத் தள்ளுவது இல்லை, பார்ப்பது. எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒரே ஆள் அவர். தாடையைத் தூக்கிக் காற்றுக்குத் தவிக்கும் முகங்கள், நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்த கைகள், பாட்டுக்குச் சம்பந்தமில்லாத அசைவு, தலைக்கு மேல் கைமாற்றி வெளியே அனுப்பப்படும் ஆட்கள். இதைக் கண்டதும் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் சொன்னால் நிகழ்ச்சி நிற்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாத இடத்தில் சம்பளம் கொடுத்தாலும் நிற்காதீர்கள்.

பச்சைக்கூடாரம்:
நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியவர்களைப் பயமுறுத்துகிறீர்களோ என்றும் தோன்றுகிறது. தன்னார்வலரைப் பெரும்பாலும் மேடைக்கு முன்னால் நிறுத்துவதில்லை. பிரிட்டனில் காவல் வேலைக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள்; தகராறு செய்பவரை வெளியேற்றுவது அவர்கள் பாடு. நாங்கள் கேட், பாதை, கூடாரத் திடல், இவ்வளவுதான்.

இரண்டாம்தடுப்பு:
"கேட் தானே" என்கிற பேச்சுதான் என்னை இங்கே எழுத வைத்தது. 2010இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் லவ் பரேடு விழாவில் 21 பேர் இறந்தார்கள். மேடைக்கு முன்னால் இல்லை. திடலுக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே வழி. சுரங்கப்பாதை, அதையொட்டி ஒரு சரிவு. போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கே எதிரெதிரே முட்டினார்கள். 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழா. இரவு மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் பத்து உயிர் போயிற்று, அதில் ஒன்று ஒன்பது வயதுக் குழந்தை. அன்று பகலிலேயே டிக்கெட் இல்லாத கூட்டம் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடியிருந்தது. கேட்டில் நிற்கும் ஆளுக்குத்தான் பல நேரம் முதலில் தெரியும், உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு என்று.

பயமுறுத்தவில்லை. தன்னார்வலர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சில தன்னார்வலர்கள் எங்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இன்னும் அலுத்துப்போகவில்லை. பயிற்சி இல்லாமல் மேல்சட்டையை மட்டும் மாட்டிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காது. அந்தச் சட்டையைப் பார்த்து ஒருவர் ஓடி வந்து "அங்கே ஒரு பெண் விழுந்துவிட்டாள்" என்பார். நீங்கள் தன்னார்வலரா, சம்பளக்காரரா என்று அவர் கேட்க மாட்டார்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன். இவ்வளவு பொறுப்பான வேலை என்றால் கூலி கொடுத்து, பயிற்சி கொடுத்து ஆள் வைக்கட்டுமே.

இரண்டாம்தடுப்பு:
கூலி வாங்குகிறவனுக்குப் பயிற்சி தானாக வந்துவிடும் என்று யார் சொன்னது? அன்று காலையில் வேனில் ஏற்றி வந்து, மதியம் கேட்டில் நிறுத்தப்பட்ட கூலிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்கள். பச்சைக்கூடாரம் மாதிரி ஆறு வருடம் தொடர்ந்து வருகிறவர் அவர்களைவிட எனக்கு மேல்.

கணக்குப்பிள்ளை:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கை மட்டும் விட மாட்டேன்.

பாஸ்கிட்டார்:
காதைப் பற்றி யாருமே பேசவில்லையே. 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் விழுந்தால் என்ன செய்வீர்கள்? நுரைப் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்களா என்று கேளுங்கள், கொடுத்தாலும் நல்லதாக ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். இருபது வயதில் நான் வாங்கவில்லை. இப்போது ராத்திரி அமைதியாக இருக்கும்போதெல்லாம் காதுக்குள் ஒரு விசில்.

முதல்முறை:
எல்லாவற்றையும் படித்துவிட்டு, எங்கள் பெயரைப் பதிந்தவர்களுக்கே கடிதம் போட்டேன். எங்களை அனுப்புவது ஒரு தொண்டு நிறுவனம், விழா அவர்களுக்குப் பணம் தருகிறது என்று பதில் வந்தது. எவ்வளவு என்று சொல்லவில்லை (கணக்குப்பிள்ளை ஐயா, சிரிக்காதீர்கள்). டெபாசிட் திரும்பி வரும் தேதியை எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பயிற்சி முழுநாள். வாக்கி டாக்கி ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மாற்றுவார்களாம், எப்போதும் இரண்டு பேராகத்தான் நிற்க வேண்டுமாம். நிகழ்ச்சியை நிறுத்துவது யார் என்று கேட்டதற்கு மட்டும், "நல்ல கேள்வி, பயிற்சியில் விளக்குவோம்" என்றார்கள்.

இரண்டாம்தடுப்பு:
பயிற்சியில் கையைத் தூக்கி மறுபடி கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.

பச்சைக்கூடாரம்:
எந்த இடம் என்று சொல்லிவிட்டார்களா?

முதல்முறை:
மூன்றில் இரண்டு கார் நிறுத்துமிடம். பாஸ்கிட்டார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.

இரண்டாம்தடுப்பு:
போனதும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வரும் வழி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வழியில் யாராவது காரை நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன்" என்பார். விடாதீர்கள்.