கர்லிங் பார்த்த அனுபவம்: அப்பா கேட்டது கல்லைப் பற்றித்தான்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில். அப்பாவுக்குச் சிற்பப் பட்டறை, விடிந்தால் உளிச் சத்தம்தான். 2018 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், டீ நேரம். கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கர்லிங் அரையிறுதி, கொரியாவும் ஜப்பானும். ஐஸ் தடத்தில் கல்லைத் தள்ளி, மறுமுனையில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்துகிற ஆட்டம் அது. ஒரு பெண் கைப்பிடி வைத்த கல்லை ஐஸ் தரையில் விட, இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் ஐஸை விழுந்து விழுந்து தேய்க்கிறார்கள். கைகால் கழுவிவிட்டு வந்த அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. "அது என்ன கல்லு மக்களே?" என்றார்.

தேடிப் படித்துச் சொன்னேன். ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் எய்ல்ஸா க்ரெய்க் என்று ஒரு குட்டித் தீவு. ஆட்கள் குடியிருப்பதில்லை, கடற்பறவைகள்தான். ஒலிம்பிக்ஸ் கல் அந்தத் தீவின் கருங்கல். எடை 17 கிலோவுக்குச் சற்று மேலே தொடங்கி 20 கிலோவுக்குள் இருக்கும். ஐஸைத் தொடும் அடிப்பாகத்துக்கு ஒரு ரகம், உடம்புக்கு வேறு ரகம். அடியில் வைக்கும் கல் தண்ணீரைக் குடிக்காது. குடித்தால் உள்ளே போன நீர் உறைந்து கல் பொரிந்துவிடும். உடம்புக் கல் மோதலைத் தாங்கும். அப்பா தலையாட்டினார். "ஈரம் குடிக்கிற கல்லுல நாங்களும் சாமி செதுக்கமாட்டோம்."

கல்லின் அடிப்பக்கம் உள்வாங்கிக் குழிந்திருக்கும், மெல்லிய வட்ட விளிம்பு மட்டும்தான் ஐஸில் படும் என்று சொன்னதும், அப்பா டீ குடித்த எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து, வலப்பக்கம் சுழற்றி டைல்ஸ் தரையில் தள்ளினார். அது இடப்பக்கம் வளைந்து போனது. திரையில் கல்லை வலப்பக்கம் சுழற்றி விட்டால் வலப்பக்கமே வளைகிறது! நானும் நாலைந்து தடவை தள்ளிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் இடப்பக்கம்தான். ஐஸ் மேல் நீர்த்துளி தெளித்துச் சிறு சிறு புள்ளிகளாக உறையவைத்திருப்பார்கள், கல் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனாலும் ஏன் இப்படி வளைகிறது என்பதில் இயற்பியல்காரர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்தது அந்தத் தம்ளரால்தான்.

அந்த ஆட்டம் கூடுதல் சுற்று வரை இழுத்தது. கண்ணாடி போட்ட கொரியத் தலைவி கிம் உன்ஜுங், தேய்க்கிற தோழியைப் பார்த்து "யோங்மி! யோங்மி!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசிக் கல்லை அவரே வட்டத்துக்குள் நிறுத்த, 8க்கு 7 என்று கொரியா ஜெயித்தது. அணியில் பெரும்பாலோர் பூண்டு விளையும் உய்சோங் என்ற சின்ன ஊரில் ஒன்றாகப் படித்து, அங்கேயே இந்த ஆட்டம் பழகிய பெண்கள். இறுதியில் ஸ்வீடனிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். எனக்கு ரொம்ப வருத்தம்.

நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

குழித்துறை அக்கா ஒருவர் எழுதியது:

மகள் பிரசவத்துக்குக் கனடாவில் ஒட்டாவா போயிருந்தேன் தம்பி. 2023 ஏப்ரல். ஆண்கள் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. மருமகன் ஒருநாள் கூட்டிப்போனார். உள்ளேயும் குளிர், சால்வையைக் கழற்றவே இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒரே நேரத்தில் பல ஆட்டம். தடத்தின் கடைசியில் இருக்கும் வட்டத்தைப் பார்த்ததும் நம்மூர் ஓணத்து அத்தப்பூக் களம் ஞாபகம் வந்தது.

ஆட்டம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. மருமகன் சொல்லச் சொல்லக் கொஞ்சம் பிடிபட்டது. தேய்த்தால் ஐஸ் லேசாகச் சூடேறி உராய்வு குறையும், கல் இன்னும் தூரம் போகும், வளைவும் குறையும் என்றார். மனசில் நின்றது வேறு. 10 சுற்று ஆட வேண்டிய ஆட்டம், இன்னும் சுற்று பாக்கி இருக்கும்போதே ஒரு அணி கையைக் கொடுத்துவிட்டது. இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் தாங்களாகவே தோல்வியை ஒத்துக்கொள்வார்களாம். தேய்க்கும்போது துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் பட்டவரே சொல்லிவிட வேண்டுமாம். அப்புறம், இறுதியில் ஸ்காட்லாந்தின் ப்ரூஸ் மோவட் அணி சொந்த மண்ணில் ஆடிய கனடாவை ஜெயித்தது. அதை வீட்டில் டிவியில்தான் பார்த்தோம், பேரனை மடியில் வைத்துக்கொண்டு.

என் பதில்:

அக்கா, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கல் ஓடும்போது என்ன சத்தம், மோதும்போது என்ன சத்தம், வெண்கல மணி மாதிரி கேட்குமா, கட்டையாகக் கேட்குமா என்று கேட்கிறார். கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் அவர் எடுப்பார். ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.