கிணற்றுக் கயிறு பேசும் கவிதை: எந்த இதழில் வந்தது?

கேள்வி
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு கவிதை ஒட்டியிருந்தது. ஏதோ பத்திரிகையிலிருந்து கத்தரித்தது. வீடு மாறியபோது பெட்டி துருப்பிடித்துவிட்டதென்று போட்டுவிட்டோம், கவிதையும் அதோடு போயிற்று. அம்மா கடைசி நாட்களில் அதில் பாதியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மீதிக்காகத்தான் கேட்கிறேன். கிணற்றுக் கயிறு பேசுவதாக வரும். இறங்கும்போது காலி வாளி, ஏறும்போது கனம். முடிவில் ராட்டினத்தைப் பார்த்து ஏதோ கேட்கும். அந்தக் கேள்விதான் நினைவில் இல்லை. எதுகை மோனை கிடையாது. கவிஞர் பெயர் இருந்த இடத்தில் பசைக் கறை.

பதில்
எழுத்து வடிவம் ஞாபகமிருக்கிறதா? 'லை', 'னை' எல்லாம் இப்போதுள்ளவைபோலவா, முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைவு வைத்த பழைய வடிவமா? தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல். பத்திரிகைகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனாலும் துதிக்கை இருந்தால் எழுபதுகளையும் அதற்கு முந்தியவற்றையும் முதலில் பாருங்கள். (ஈழத்து இதழ் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது.)

கேட்டவர்
துதிக்கைதான்! 'வேலை' என்ற சொல்லின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன். பள்ளியில் படித்த 'லை' அப்படி இல்லையே, அச்சுப்பிழை என்று அம்மாவிடம் சொன்னேன். என் உள்ளங்கையைப் பிரித்து, பேனாவால் அந்த 'லை'யை எழுதிக் காட்டினார்.

இன்னொரு பதில்
அப்படியானால், எதுகை மோனை இல்லாத புதுக்கவிதைகளை வெளியிட்ட 'எழுத்து', 'கணையாழி', 'கசடதபற' ஆகிய மூன்று இதழ்களையும் பார்க்கலாம். 'எழுத்து' 1959இல் தொடங்கியது, மற்றவை 1965, 1970. 'எழுத்து' கவிதைகளைத் தேர்ந்தெடுத்து அதன் ஆசிரியர் சி.சு. செல்லப்பா 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். முதலில் அதைப் புரட்டுங்கள், ஒரு மாலை போதும். அதில் இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைக் கேளுங்கள்.
ஒன்று சொல்கிறேன், 'கயிறு' என்ற சொல்லை நம்பித் தேடாதீர்கள். கயிறே பேசுகிறதென்றால் கவிதைக்குள் அந்தச் சொல் வராமலே இருக்கலாம். ராட்டினம், வாளி, கனம் என்று தேடுங்கள். தலைப்பையும் நம்ப வேண்டாம். கவிஞர்கள் தொகுப்பாகப் போடும்போது மாற்றிவிடுவதுண்டு.

கேட்டவர்
இதைப் படித்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னது சரி. கவிதையில் 'கயிறு' என்ற சொல்லே கிடையாதாம், அம்மாதான் அதைக் 'கயிறுப் பாட்டு' என்று சொல்வாராம். ராட்டினத்தைக் கேட்கும் வரி 'நீ' என்று தொடங்கும் என்பது மட்டும் அக்காவுக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமை 'புதுக்குரல்கள்' தேடி நூலகத்துக்குப் போகிறேன். அக்காவும் வருகிறாள்.