இதயமா, இலையா: ஃபிரீஸ்லாந்து ஊர்க் கொடிகள்

அல்லிக்குளம்:
பக்கத்து இழையில் கொடிப்பித்தன் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் கிராமம் கிராமமாகக் காதல் கொடி பறக்கிறது, நீல வெள்ளைப் பட்டையில் சிவப்பு இதயங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி வேறு குவிகிறது.

நான் அந்த மாகாணத்தில் டிராக்டன் பக்கம் ஒரு கிராமத்தில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். அது இதயம் இல்லை. இலை. மஞ்சள் அல்லியின் இலை. இங்கே அதற்கு பொம்பெபிளேட் என்று பெயர். 1957இல் மாகாண அவை கொடியை ஏற்றபோதே இந்தப் பெயரைத்தான் எழுதியது. நான்கு நீலப் பட்டை, மூன்று வெள்ளைப் பட்டை, வெள்ளையில் 2, 3, 2 என்று ஏழு இலை. இடைக்காலத்தில் கடலோரமாக இருந்த ஏழு ஃபிரீசிய நாடுகளைக் குறிக்கிறது என்பார்கள். இதில் காதல் எங்கே வந்தது?

கொடிப்பித்தன்:
அம்மா, 30 வருடமாகக் கொடி சேர்க்கிறேன். கொடியை வாசிக்கிற முதல் விதி, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வது. மேலே பிளவு, கீழே கூர்முனை, நிறம் சிவப்பு. ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள், இதயம் என்றுதான் சொல்லும். காகிதத்தில் என்ன எழுதி வைத்தார்கள் என்பது அப்புறம்.

பக்கத்து மாகாணம் குரோனிங்கனின் கேடயச் சின்னத்தைப் பாருங்கள். அங்கேயும் நீல வெள்ளைச் சாய்வுப் பட்டைகள், அதே சிவப்பு உருவம் பதினொன்று. அங்கே அதை இதயம் என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் இதயமா?

அல்லிக்குளம்:
ஆமாம், அப்படித்தான். அவர்கள் வீட்டில் என்ன பெயர் வைக்கிறார்களோ அது அவர்கள் பாடு. இந்த வீட்டில் இலை.

ஐயா, நம் ஊர்க் குளத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாமரை இலைக்குப் பிளவு கிடையாது, காம்பு நடுவில் வந்து சேரும். அல்லி இலைக்குப் பிளவு உண்டு, காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். குளத்தில் இறங்கிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். இங்கே ஃபிரீஸ்லாந்தில் வாய்க்கால் இல்லாத வயலே இல்லை, வெயில் காலத்தில் ஓரமெல்லாம் மஞ்சள் அல்லிதான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வரைந்த கொடி இது. வெற்றிலையும்தான் இதய வடிவம். தாம்பூலத் தட்டில் இதயம் அடுக்கியிருக்கிறார்கள் என்று சொல்வீர்களா?

மருதன்_லேவார்டன்:
அக்கா சொல்வது சரி. என் மகன் இந்தக் கொடியின் பட்டையும் இலையும் உள்ள ஹேரன்வேன் கால்பந்து அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியூர் மைதானத்துக்குப் போனான், அங்கே பிள்ளைகள் "இதயச் சட்டை, பொம்பிளைச் சட்டை" என்று கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வந்தான். நான் அவனைச் சைக்கிளில் கூட்டிப்போய் வாய்க்காலில் இலையைக் காட்டினேன். அந்த அணி தன் ஊரில் ஆடும்போது ஆட்டத்துக்கு முன்னால் ஃபிரீசிய கீதம் போடுவார்கள். முழு மைதானமும் எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் யாரிடமாவது போய் இதயம் என்று சொல்லிப் பாருங்கள்.

நெய்தல்செல்வி:
தலைப்பு ஊர்க் கொடிகள் என்று இருக்கிறது, எல்லாரும் மாகாணக் கொடியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கிராமப்புற ஊராட்சிகள் எல்லாவற்றின் கொடியிலும் இலை இருப்பதில்லை. டெர்ஸ்கெலிங் தீவின் கொடி ஐந்து கிடைப்பட்டை: சிவப்பு மேகம், நீல வானம், மஞ்சள் மணல்மேட்டுப் புல், பச்சைப் புல்வெளி, வெள்ளை மணல். தீவின் கரையில் நின்று பார்த்தால் மேலிருந்து கீழே அதே வரிசை. ஸ்கியர்மோனிகோக் தீவின் சின்னத்தில் ஒரு துறவி நிற்கிறார், ஏனென்றால் அந்தப் பெயருக்கே சாம்பல் துறவியின் தீவு என்றுதான் பொருள். எனக்கு இவைதான் பிடித்தவை.

கொடிப்பித்தன்:
டெர்ஸ்கெலிங் 1942 வரை வட ஹாலந்து மாகாணத்தில் இருந்தது. அதை ஃபிரீசியக் கொடி என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

நெய்தல்செல்வி:
இன்றைக்கு எந்த மாகாணத்தில் இருக்கிறது ஐயா? 80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனை வருடம் ஆனால் உங்கள் கணக்கில் வரும்?

கொடிப்பித்தன்:
போன வருடம் டோக்கும் ஊர்ச் சின்னத்தின் பிறையைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள். மறந்துவிடவில்லை.

நெய்தல்செல்வி:
நீங்கள் அந்தப் பிறையையும் மூன்று நட்சத்திரத்தையும் துருக்கியரோடு முடிச்சுப் போட்டீர்கள். அந்த ஊர்க்காரர்கள் சிலுவைப் போருக்குப் போன கதையோடுதான் அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போதும் கேட்க மாட்டீர்கள்.

அல்லிக்குளம்:
செல்வி, பிறையை அப்புறம் பேசலாம். டோக்கும் பழைய நகரம், கிராமமே இல்லை. அதுபோல ஃபிரீஸ்லாந்தில் இருக்கிற பதினொரு பழைய நகரங்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லேவார்டனுக்குத் தங்கச் சிங்கம், ஸ்னேக்குக்குப் பாதிக் கழுகும் மூன்று கிரீடமும், ஃபிரானெக்கருக்கு மணி. எல்லாருக்கும் தெரியும். வயல்காட்டுச் சின்னங்களைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

இங்கே முன்பு 30 நாட்டுப்புறப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கிரீட்மன் என்ற தலைவர். 1851 சட்டத்துக்குப் பிறகுதான் அவை ஊராட்சிகள் ஆயின. சொந்த நிலம் வைத்திருந்த உழவர் குடும்பங்கள்கூடக் கேடயச் சின்னம் வைத்திருந்தன, பிரபுக்கள் மட்டும் இல்லை. இடது பாதியில் கறுப்புக் கழுகின் பாதி உடல், வலது பாதியில் மூவிலைப் புல், ஓக் விதை, ரோஜா. மூவிலைப் புல் என்றால் மேய்ச்சல் நிலம். பாதிக் கழுகு என்றால் எங்களுக்கு மேலே பேரரசர் மட்டும்தான், நடுவில் எந்தப் பிரபுவும் இல்லை என்ற பெருமை. எங்கள் கிராமத்துத் தேவாலயத்தில் தரையில் பதித்த கல்லறைப் பலகை ஒன்றில் இந்தக் கழுகு இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மிதித்து மிதித்து அலகு தேய்ந்துவிட்டது, இறக்கையின் வரி மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதன் பக்கத்தில் மூன்று மூவிலை. எல்லாம் புல், விதை, இலை. இப்படி மண்ணையும் தண்ணீரையும் வரைந்த சனம் கொடியில் மட்டும் இதயம் வரையுமா?

கொடிப்பித்தன்:
கழுகுக்கும் இந்த வாதத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், நீங்கள் ஒன்றை மறைக்கிறீர்கள். அந்த மாகாணத்தின் கேடயத்தில் இலையே கிடையாது. நீலத்தில் இரண்டு தங்கச் சிங்கம், சுற்றிலும் தங்கக் கட்டிகள். இலை அவ்வளவு உயிர் என்றால் கேடயத்தில் ஏன் இல்லை?

அல்லிக்குளம்:
மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. கேடயம் வேறு, கொடி வேறு. கேடயத்தில் சிங்கம் இருப்பதால் கொடியில் இருப்பது இதயம் ஆகிவிடுமா?

தனித்தமிழன்:
இழை முழுக்க "ஃபிரீஸ்லாந்து" என்று ஆய்தம் போட்டு எழுதுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "பிரீசியா" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆய்தம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது.

மருதன்_லேவார்டன்:
இங்கே 1997 முதல் அலுவல் பெயரே "ஃப்ரிஸ்லான்". இந்தச் சனம் தங்கள் மொழியில் மாகாணத்துக்குப் பெயர் வைக்க எவ்வளவு பாடுபட்டது என்று தெரியுமா? நீங்கள் வந்து எழுத்தை எடுக்கச் சொல்கிறீர்கள்.

தனித்தமிழன்:
அவர்கள் மொழிக்காகப் பாடுபட்டார்கள் என்றால், நான் என் மொழிக்காகப் பாடுபடுகிறேன். "பொம்பெபிளேட்" என்பதற்குப் பதில் "அல்லியிலை" என்று எழுதுங்கள்.

கொடிப்பித்தன்:
இதயம் என்று எழுதினால் யாருக்கும் சிக்கல் இல்லை.

அல்லிக்குளம்:
இன்று காலை மழை விட்டதும் வாய்க்காலுக்குப் போய் ஒரு இலை பறித்து வந்தேன். சமையல் மேசையில் விரித்து வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கை விரித்தால் இரண்டு கை அகலம். மேல்பக்கம் மெழுகு பூசினதுபோல வழவழப்பு, தண்ணீர் உருண்டு ஓடுகிறது. அடிப்பக்கம் நடு நரம்பு விரல் தடிமன். காம்பை வெட்டிப் பார்த்தேன், வட்டமாக இல்லை, மூன்று மூலையாக இருக்கிறது. வெள்ளை அல்லிக்குக் காம்பு உருண்டையாக இருக்கும். பிளவைப் பிடித்து மேலே தூக்கினால் நுனி கீழே தொங்குகிறது. அப்படியே கொடியில் இருக்கிற உருவம். படம் ஏற்றியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கொடிப்பித்தன்:
பார்த்தேன். உங்கள் இலையின் நுனி வட்டம். கொடியில் நுனி கூர். உங்கள் இலை பச்சை. கொடியில் சிவப்பு. உங்கள் இலைக்குக் காம்பு உண்டு. கொடியில் காம்பு எங்கே? உங்கள் படமே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. நன்றி.

அல்லிக்குளம்:
சிங்கம் தங்க நிறத்திலா பிறக்கிறது? கழுகு பாதியாகவா பறக்கிறது? சின்னத்தில் எல்லா உருவமும் இப்படித்தான் சுருக்கி வரைவார்கள். அதற்காகச் சிங்கத்தைப் பூனை என்று சொல்கிறீர்களா?

கொடிப்பித்தன்:
டென்மார்க்கின் கேடயத்தில் மூன்று சிங்கம், ஒன்பது சிவப்பு உருவம். அவையும் ஆதியில் ஏரி இலைகள்தான். இன்று உலகமே இதயம் என்கிறது, டென்மார்க் மக்களே இதயம் என்கிறார்கள். பொருள் மாறும் அம்மா. அங்கே மாறிவிட்டது, இங்கேயும் மாறும்.

அல்லிக்குளம்:
ஆக, ஆதியில் இலை என்று நீங்களே உங்கள் கையால் எழுதிவிட்டீர்கள்.

கொடிப்பித்தன்:
டென்மார்க்கைப் பற்றி எழுதினேன்.

மருதன்_லேவார்டன்:
எனக்கு வேறு ஒரு கவலை. நாங்கள் முதலில் குடியிருந்தது குரோவ் ஊரில், பூர்ன்ஸ்டர்ஹிம் ஊராட்சி. 1984இல் 44 ஊராட்சிகளை 31 ஆக்கினபோது மூன்றைச் சேர்த்து உண்டாக்கினது. 2014இல் அதையும் கலைத்து நாலு ஊராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். குரோவ் லேவார்டனோடு போனது. ஊராட்சி போனால் அதன் சின்னமும் கொடியும் போச்சு. இப்போது மாகாணத்தில் மொத்தமே 18 ஊராட்சிகள். எங்கள் தெருவில் ஒரு கிழவர், வயது எண்பதுக்கு மேல், பழைய கொடியைப் பழந்துணி மாதிரி மடித்து அலமாரியில் வைத்திருந்தார். பிறந்தநாளுக்கு மட்டும் ஏற்றுவார். அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

நெய்தல்செல்வி:
மருதன், அதனால்தான் அங்கே கிராமங்கள் தங்களுக்கென்று கொடி வைத்துக்கொள்வதைப் பெரிய விசயமாக நினைக்கிறேன். ஊராட்சிச் சின்னத்துக்கு அரச ஆணை வேண்டும், ஹேக் நகரத்தில் இருக்கிற பிரபுத்துவ உயர் மன்றம் பார்த்துச் சொல்ல வேண்டும். கிராமக் கொடிக்கு அது தேவையில்லை, ஃபிரீசியர்களே தங்களுக்கு வைத்திருக்கிற, சின்னங்களுக்கான மன்றம் பார்த்துச் சொல்கிறது. ஊராட்சி கலைந்தாலும் கிராமக் கொடி நிற்கும்.

கொடிப்பித்தன்:
அரச ஆணை இல்லாத கொடியை என் சேகரிப்பில் சேர்ப்பதில்லை.

நெய்தல்செல்வி:
நீங்கள் சேர்க்கவில்லை என்றால் அந்தக் கிராமங்கள் இல்லாமல் போய்விடுமா?

தனித்தமிழன்:
"ஹேக்" என்பதை "ஏகு" என்று எழுதலாம்.

மட்டுறுத்துநர்:
எழுத்து பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றப்போகிறேன். பழைய சண்டைகளை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கொடிப்பித்தன்:
பழைய சண்டையைத் தொடங்கியது நான் இல்லை. என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. காம்பு எங்கே? இலை என்றால் காம்பு வேண்டும். காம்பு இல்லாத வரையில் அது இதயம்.

அல்லிக்குளம்:
நூறு தடவை கேட்டாலும் நூறு தடவை சொல்வேன். காம்பு தண்ணீருக்கு அடியில் இருக்கும். மேலே மிதப்பது இலை மட்டும்தான். பாலத்தில் நின்று குனிந்து பார்க்கிறவனுக்குக் காம்பு தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வரைந்திருக்கிறான். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதுதான் முதல் விதி என்று எழுதியது நீங்கள்தானே ஐயா?

கொடிப்பித்தன்:
பாலத்தில் நின்று பார்த்தால் பிளவும் நுனியும் எந்தத் திசையில் கிடக்கும்? ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கிடக்கும். கொடியில் ஏழும் ஒரே பக்கம் பார்க்கின்றன. இதயம்.

அல்லிக்குளம்:
நாளைக்கு வாய்க்காலில் ஓட்டம் உள்ள இடமாகப் பார்த்துப் படம் எடுத்து வருகிறேன். ஓட்டம் இருந்தால் எல்லா இலையும் ஒரே பக்கம்தான் திரும்பும். இழையை மூடிவிடாதீர்கள்.