ரம் + மூலிகை லிகர்: திகட்டுகிறது, எதைக் குறைப்பது? (அவசர உதவி)

புதுக்கோப்பை
நாளை சாயங்காலம் ஆறு பேர் வருகிறார்கள். ரம், மூலிகை லிகர் (மூலிகை வாசமேற்றிய இனிப்பு மது), எலுமிச்சை சேர்த்து ஒரு காக்டெய்ல் மூன்று நாளாகச் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் தித்திப்பு மேலேறி மூலிகை வாசம் அமுங்கிவிடுகிறது. எலுமிச்சையைக் கூட்டினால் புளிப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கிறது. லிகரைக் குறைத்தால் வாசமே போய்விடுகிறது, அந்த வாசத்துக்காகத்தான் பாட்டிலையே வாங்கினேன். எதைக் குறைப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

அளவுகோல்
எந்த ரம், எந்த லிகர், ஒவ்வொன்றும் எத்தனை மி.லி.? சர்க்கரை சிரப் தனியாக ஊற்றுகிறீர்களா? குலுக்குகிறீர்களா, கலக்குகிறீர்களா? இது தெரியாமல் யார் சொன்னாலும் குருட்டு யூகம்தான்.

கசப்புப்பிரியை
எதையும் குறைக்க வேண்டாம். பிட்டர்ஸ் (மசாலாவும் மூலிகையும் ஊறிய கசப்புச் சாறு) மூன்று நான்கு சொட்டு விடுங்கள். கசப்பு வந்தால் தித்திப்பு தானாக அடங்கும். எனக்கு ஒருமுறைகூட இது கைகொடுக்காமல் போனதில்லை.

கரும்புக்காடு
பிரச்சினை ரம்மில்தான். கரும்பில் செய்வதாயிற்றே, இனிப்பு இல்லாமல் எப்படி இருக்கும்? ஜின்னுக்கு மாறுங்கள்.

அளவுகோல்
@கரும்புக்காடு, இல்லை. சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் வருகிறது. மிச்சம் மீதி சர்க்கரை இருந்தாலும் வாலைவடித்தலில் ஆவியாகி மேலே வராது, அடியிலேயே தங்கிவிடும். வடித்து இறங்கிய ரம்மில் சர்க்கரை கிடையாது.

கரும்புக்காடு
அப்படியானால் நான் குடித்த ரம் உதட்டில் ஒட்டியதே, அது என்ன?

பழையகுலுக்கி
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. முதலில் வெறும் டைக்கிரி ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள். ரம், எலுமிச்சை, சிரப், மூன்றே பொருள். முறையே 60, 22.5, 22.5 மி.லி. அது நாக்கில் பதிந்தபிறகு லிகர் பக்கம் வரலாம். அடிப்படை தெரியாமல் விலையுயர்ந்த பாட்டிலைத் திறப்பது வீண்.

பனித்துண்டு
குலுக்கியபிறகு ருசி பார்த்தீர்களா, முன்னாலா? குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். குலுக்காத கலவையை ஸ்பூனில் நக்கிப் பார்த்தால் எதுவுமே பாகு மாதிரிதான் இருக்கும். நன்றாகக் குலுக்கினால் ஊற்றியதில் கிட்டத்தட்டப் பாதி அளவுக்கு ஐஸ் தண்ணீரும் சேரும்.

புதுக்கோப்பை
மன்னிக்கவும், வெளியே இருந்தேன். வெள்ளை ரம் 60 மி.லி., மஞ்சள் ஷார்த்ரூஸ் (பிரெஞ்சுத் துறவிகள் செய்யும் மூலிகை லிகர்) 30, எலுமிச்சை 20, சிரப் 20. ஷேக்கரில் ஐஸோடு பத்து விநாடி. முதல் இரண்டு வாய் பரவாயில்லை, கோப்பை பாதியானதும் திகட்டுகிறது. சிரப் நானே காய்ச்சியது, இரண்டு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர். அப்புறம் @பழையகுலுக்கி, நான் தம்பி இல்லை, பெண். டைக்கிரி நன்றாகவே வரும்.

அளவுகோல்
முதல் கேள்விக்கே இதைச் சொல்லியிருக்கலாம். கணக்கைப் பாருங்கள்.

சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி சேர்த்த சாதா சிரப்பில் 100 மி.லி.க்கு 60 கிராம் சொச்சம் சர்க்கரை. உங்களுடையது இரண்டுக்கு ஒன்று, அதில் 85 கிராம் அளவுக்கு இருக்கும். 20 மி.லி.க்கு 17 கிராம். லிகருக்கு லிட்டருக்கு 250 முதல் 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் 30 மி.லி.யில் ஏழரை முதல் ஒன்பது. மொத்தம் 25 கிராம் பக்கம்.

பழையகுலுக்கி சொன்ன டைக்கிரியில் 22.5 மி.லி. சாதா சிரப், அதாவது 14 கிராம். அதற்கே எலுமிச்சை 22.5. உங்கள் கோப்பையில் சர்க்கரை ஒன்றேமுக்கால் மடங்கு, புளிப்போ அதைவிடக் குறைவு. கோப்பை வெதுவெதுப்பாக ஆக ஆக அந்த 25 கிராமும் நாக்கில் ஏறுகிறது, பாதியில் திகட்டுவது அதனால்தான். புளிப்பால் அதைத் துரத்தினால் இரண்டும் உச்சத்தில் நின்று சண்டை போடும்.

லிகரைத் தொடாதீர்கள். அதையே ஒரு சிரப்பாக எண்ணுங்கள். லாஸ்ட் வேர்ட் என்ற காக்டெய்லில் ஜின், பச்சை ஷார்த்ரூஸ், மராஸ்கினோ (செர்ரி லிகர்), லைம் நான்கும் சம அளவு, சிரப் ஒரு துளி கிடையாது. இனிப்பு முழுவதையும் லிகர்கள்தான் சுமக்கின்றன. நீங்களும் சிரப் இல்லாமல் ஒரு கோப்பை செய்யுங்கள், எலுமிச்சை 22.5. இனிப்பு போதாமல் காய்ந்து போனதாகத் தோன்றினால் அந்தக் கெட்டி சிரப்பை 5 மி.லி. மட்டும் விடுங்கள்.

கசப்புப்பிரியை
பிட்டர்ஸை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே.

பனித்துண்டு
பிட்டர்ஸ் சர்க்கரையைக் குறைக்காது, கவனத்தை வேறு பக்கம் திருப்பும். அதோடு அவருக்கு வேண்டியது அந்த லிகரின் வாசம். கிராம்பும் பட்டையும் மேலே வந்து உட்கார்ந்தால் மூலிகை இன்னும் அமுங்கும். உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு என்றால் நான் ஒத்துக்கொள்வேன்.

பழையகுலுக்கி
பச்சை ஷார்த்ரூஸ் வாங்கியிருந்தால் இந்த இழையே தேவையில்லை. அதில் ஆல்கஹால் 55 சதவீதம், மஞ்சளில் 43. பச்சையில் இனிப்பு குறைவு, வாசம் அதிகம், கொஞ்சம் ஊற்றினால் போதும். தேன் வாசமுள்ள மஞ்சளை வைத்துக்கொண்டு மூலிகை தெரியவில்லை என்றால் எப்படி?

பனித்துண்டு
உற்பத்தியைக் கூட்டப்போவதில்லை என்று ஷார்த்ரூஸ் செய்யும் துறவிகள் முடிவெடுத்த செய்தி 2023-இல் வெளியே வந்தது. அதிலிருந்து பச்சை கண்ணில் படுவதே அபூர்வம். கையில் இருக்கும் பாட்டிலுக்கு வழி சொல்லுங்கள்.

கரும்புக்காடு
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உதட்டில் ஒட்டியது.

அளவுகோல்
வடித்தபிறகு சிலர் சர்க்கரை சேர்ப்பது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரம் என்று விற்க லிட்டருக்கு 20 கிராம்தான் உச்சவரம்பு. அந்த வரம்பு வரை சேர்த்திருந்தாலும் 60 மி.லி.யில் 1.2 கிராம், அவருடைய சிரப்பில் ஒன்றரை மி.லி.கூட இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் ரம்மைத் தட்டில் ஊற்றி, நெருப்புப் பக்கம் வைக்காமல், இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பிசுபிசுப்பாக ஒட்டினால் சர்க்கரை சேர்த்தது.

கரும்புக்காடு
அப்படியானால் ரம்மில் சர்க்கரை இருக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

அளவுகோல்
இருக்கலாம். கரும்பிலிருந்து வந்ததல்ல, பிறகு போட்டது. இந்தக் கோப்பை திகட்டுவதற்கும் அது காரணமில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பனித்துண்டு
@புதுக்கோப்பை, ஆறு பேருக்கு என்றால் ரம்மையும் லிகரையும் முன்கூட்டியே கலந்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். எலுமிச்சையை மட்டும் அன்றைக்கே பிழியுங்கள். கோப்பைகளையும் குளிரவைத்து, சின்னச் சின்னதாக ஊற்றினால் சூடேறுவதற்குள் முடிந்துவிடும்.

புதுக்கோப்பை
சிரப் 5, எலுமிச்சை 22.5. கடைசி வாய் வரை வாசம் இருந்தது. உப்புச் சொட்டும் போட்டேன், வித்தியாசம் தெரிந்தது. எல்லோருக்கும் நன்றி, ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கரும்புக்காடு
தட்டில் ஊற்றி வைத்தேன். ஒட்டுகிறது. இந்த பாட்டிலில் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

அளவுகோல்
உண்டு, அடர்த்திமானி வேண்டும். சர்க்கரை சேர்ந்தால் திரவம் கனமாகி, மானியில் ஆல்கஹால் லேபிளில் போட்டதைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடைவெளியிலிருந்து கணக்குப் போடலாம். தனி இழை திறவுங்கள், அங்கே எழுதுகிறேன்.