குழந்தையை ஒப்படைக்கும் வாசலில்: காப்பகப் பணியாளர்களும் பெற்றோரும் பகிர்ந்த அனுபவங்கள்

பராமரிப்பாளர், கைக்குழந்தைகள் பிரிவு:

குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து ஓசைப்படாமல் நழுவிச் செல்லும் பெற்றோர் எல்லாக் காப்பகங்களிலும் உண்டு. பத்து மாதக் குழந்தையின் தாய் ஒருவரும் அப்படித்தான் செய்துவந்தார். அவர் போன பிறகு குழந்தை அழுததைவிட, அவர் இருக்கும்போதே அது விளையாட்டை விட்டுவிட்டதுதான் எனக்கு உறுத்தியது. எடுத்த மரக்கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தாய் அமர்ந்திருந்த நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை பிரிவச்சம் மிகுந்திருக்கும் என்பதையும், அது பிடிவாதம் அல்ல, தாயிடம் பற்று வேரூன்றியிருப்பதன் அடையாளமே என்பதையும் அவரிடம் எடுத்துச் சொன்னேன். புதிதாகச் சேரும் குழந்தையைக் காப்பகத்துக்குப் படிப்படியாகப் பழக்குவதற்கு ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் பெர்லின் முறையில், முதல் 3 நாட்கள் பெற்றோர் அறையிலேயே இருப்பார்கள். குழந்தையைச் சிறிது நேரம் பிரிந்து பார்ப்பது 4ஆம் நாளுக்கு முன் தொடங்காது. எங்கள் நிர்வாகம் அத்தனை நாட்களுக்கு இடம் தருவதில்லை. ஆயினும் தாய் சிறிது நேரம் உடன் அமர்ந்திருந்து, பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்து "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று இருவரும் முடிவு செய்தோம். அழுகை ஓய்ந்ததும் "அழுதாள், இப்போது நிறுத்திவிட்டாள்" என்று அலைபேசியில் செய்தி அனுப்புவேன். அழவே இல்லை என்று சொல்லிவிடுவது எளிதுதான். ஆனால் மாலையில் வீங்கிய கண்களைப் பார்க்கும் தாய், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

இரண்டு வயதுக் குழந்தையின் தந்தை:

நான் பெற்றோர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாலை என் மகனை அழைத்துவரச் சென்றபோது, அவனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே பராமரிப்பாளர் என்னைத் தனியே அழைத்து, வேறொரு குழந்தை அவன் முன்கையில் கடித்துவிட்டதாகக் கூறினார். இருவரும் ஒரே வண்டியைப் பிடித்து இழுத்தபோது நேர்ந்தது, தோல் கிழியவில்லை, கழுவிக் குளிர்ந்த துணியை வைத்தோம், அதன்பின் அவன் வழக்கம்போல் உறங்கினான் என்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, சம்பவப் பதிவேட்டில் என் கையொப்பத்தைக் கேட்டார். கடித்த குழந்தையின் பெயரைச் சொல்லும்படி நான் சற்றுக் குரலை உயர்த்தியே கேட்டேன். "நாளை உங்கள் மகன் ஒரு குழந்தையைக் கடித்தாலும், இதே இடத்தில் நின்று அவன் பெயரையும் சொல்ல மறுப்பேன் சார்" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. பேச்சு வராத இந்த வயதில் கடிப்பது அரிதல்ல என்பதை அவர் விளக்கியபோதும் முழு மனதோடு கேட்கவில்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பின் என் மகனே கடித்தவனாக நின்றபோது, மற்றப் பெற்றோர் எவரும் எங்களை ஏறிட்டுப் பார்க்காமல் இயல்பாகக் கடந்து சென்றது அந்த மறுப்பின் பயன்தான்.

காப்பக மேற்பார்வையாளர்:

மேலே உள்ள பதிவைப் படித்தபோது, பெற்றோர் தழும்பைத் தாமாகக் கண்டுபிடித்து நம்மிடம் கேட்கும் நிலை வரவே கூடாது என்று நான் பணியாளர்களிடம் ஓயாமல் சொல்வது நினைவுக்கு வந்தது. கெட்ட செய்திக்கு மட்டுமே வாசலில் நிறுத்தப்படும் பெற்றோர், நம்மைக் கண்டாலே பதற்றமடைவார்கள். "நன்றாக இருந்தான்" என்ற பொதுவான சொல்லும் உதவாது. இன்று படியில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து ஏறினான் என்பதுபோல, கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய குழந்தைப் பராமரிப்பு வல்லுநர் எலினோர் கோல்ட்ஷ்மீட் வலியுறுத்திய, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முதன்மைப் பராமரிப்பாளர் என்னும் முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். அதில் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மையைப் பலரும் பேசுகிறார்கள். யாரிடம் பேசுவது என்ற குழப்பம் பெற்றோருக்கு நீங்குவதை ஏனோ பேசுவதில்லை. பிரிந்து வாழும் பெற்றோர் இருவரின் குழந்தை எங்களிடம் இருந்தபோது இது மிகவும் கைகொடுத்தது. தாய் வரும் நாளில் சொன்ன செய்தி தந்தையைச் சென்றடையாமல், ஒருவர் சொல்லி மற்றவர் அறியும் நிலை ஏற்பட்டு, அதுவே அவர்களுக்குள் புதிய சச்சரவாக வளர்ந்தது. அதன்பின் முதன்மைப் பராமரிப்பாளர் அன்றாடக் குறிப்பை ஒரே சொற்களில் இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கினார். குழந்தையை அழைத்துச் செல்லும் உரிமை யாருக்கு, எந்த நாளில் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டோம். இருவரில் யார் சொல்வது நியாயம் என்று எங்களிடம் கேட்கப்பட்டபோதெல்லாம், குழந்தை அன்று எப்படி இருந்தது என்பதை மட்டுமே பேசினோம். கூடுதல் வேலை என்று பணியாளர்கள் முணுமுணுக்கிறார்கள். இருந்தாலும் இந்த ஏற்பாட்டை நான் மாற்றுவதாக இல்லை.