பழைய பெற்றோல் பம்பில என்ன குறையுது எண்டு எப்பிடிப் பிடிச்சீங்கள்? (திருமலைப் பக்கத்து ஆக்கள் சொல்லுங்கோ)

உவர்மலையான்

பழைய இரும்புக்குப் போக இருந்த பம்ப் ஒண்டு என்ர கையில கிடக்கு. பேர்த்தகடு இல்லை, ரிவெட் ஓட்டை மட்டும்தான். மோட்டர் இருக்கு, மீற்றர் இருக்கு, முள்ளு ரெண்டும் இருக்கு. எல்லாம் சரி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

பக்கத்து வளவில ஒரு ஐயா இருக்கிறார். ஒரு காலத்தில டவுனில பெற்றோல் செட்டில நிண்டவர். பாக்க வாங்கோ எண்டு கூப்பிட்டன். வந்தவர் ஒண்டும் பேசேல்லை. பம்புக்கு முன்னால நேராப் போய் நிண்டார். இடக்கை நொசில் தொங்கிற பக்கம் போச்சுது. வலக்கை தன்பாட்டில இடுப்புக்குக் கொஞ்சம் மேல போய் வெறுங்காத்தைப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்திச்சுது. பிறகு கையைப் பாத்தார், பம்பைப் பாத்தார். "தம்பி, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாற கைபிடி எங்கை?" எண்டு கேட்டார்.

அந்த இடத்தில ஆரோ ஒரு தகட்டை வைச்சு ஒட்டி, மேல பெயின்ற் அடிச்சிருந்தாங்கள். சுரண்டினா உள்ளுக்கை தண்டின்ர முனை கிடக்கு. எத்தனையோ தரம் துடைச்ச இடம் அது. ஐயா எத்தனை வருசத்துக்கு முந்தி விட்ட வேலை, அந்தக் கைக்கு இன்னும் தெரியுது. அதுதான் எனக்கு இப்பவும் மண்டைக்குள்ள நிக்குது. கைபிடி இன்னும் கிடைக்கேல்லை.

கிண்ணியா பெயின்டர்

என்ட கதை வேற மாதிரி. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில வைக்க ஒரு கண்ணாடி பம்ப் கொண்டு வந்திருந்தாங்க. மேல பெரிய கண்ணாடி உருளை, கீழ கையால ஆட்டுற தடி. தடியை ஆட்டினா எண்ணெய் மேல ஏறும், பிறகு தன்ட பாரத்தில வாகனத்துக்கு இறங்கும். கரண்டே தேவல்ல. என்ன பெயின்ற் அடிக்கத்தான் கூப்பிட்டாங்க.

உருளைக்கு நடுவில, அடித்தட்டில ஒரு பித்தளைக் குட்டைக் குழாய் மொட்டையா நிண்டிச்சி. உள்பக்கம் புரி இருந்திச்சி. இதுல நீளமா ஒரு குழாய் நிண்டிருக்கணும் சேர், மேல்குறிக்கு மிஞ்சிற எண்ணெய் அதாலதான் நிலத்துத் தாங்கிக்குத் திரும்பி ஓடும், அது இல்லாட்டி அளவு நிக்காது எண்டு சொன்னன். மேனேஜர் சிரிச்சிட்டு, "நீங்க சிவப்பு அடிங்க நானா" எண்டார். மொட்டைக் குழாய்க்கு ரப்பர் அடைப்பான் வெச்சி மூடினாங்க.

திறப்பு விழாவுக்குக் கலர் தண்ணி ஏத்திக் காட்டப் போனாங்க. ஆட்டினவர் நிப்பாட்டல்ல, திரும்பிப் போக வழியும் இல்ல. தண்ணி மேல்மூடியால பீறிட்டு மாலை போட்டு நிண்டவர்ட வெள்ளைச் சட்டையில விழுந்திச்சி. எனக்குச் சிரிப்பும் வரல்ல, கவலையும் வரல்ல. அடிச்ச பெயின்ற் காய்ஞ்சிட்டா எண்டுதான் பாத்தன்.

லேத் மாமா

முதலாவதா எழுதின தம்பிக்கு: பேர்த்தகடு இல்லை எண்டு எழுதிப்போட்டு அப்பிடியே விட்டிட்டீர். தகடு போனாலும் புரி இருக்கல்லோ. அரை இஞ்சி நட்டு ஒண்டைக் கழட்டி, புரி எண்ணிற பல்லுத்தகடு, அதுதான் புரி கேஜ், வைச்சுப் பாரும். இஞ்சிக்கு 12 புரி எண்டா விட்வேர்த், இங்கிலாந்துச் சாமான். 13 எண்டா அமெரிக்கன். அரை இஞ்சியிலதான் பாக்கவேணும். கால், முக்கால் எல்லாத்திலயும் புரி எண்ணிக்கை ஒண்டுதான். புரியின்ர கோணம் மட்டும் 55 பாகை, 60 பாகை எண்டு மாறும், அதைக் கண்ணால பிடிக்கேலாது.

குழாய்ப் புரியில இன்னும் கவனம். அரை இஞ்சியும் முக்கால் இஞ்சியும் ரெண்டு நாட்டிலயும் 14தான். அதாலதான் இங்கிலீஸ் குழாயில அமெரிக்க நிப்பிள் (குட்டி இணைப்புக் குழாய்) வடிவா ஏறும், ஆனா ஒழுகும். நீங்கள் நூலைச் சுத்திச் சுத்தி இறுக்குவியள், பிறகு வார்ப்பு வெடிக்கும். ஒரு இஞ்சியில ஒண்டு 11, மற்றது பதினொண்டரை, அங்க ஏமாற மாட்டியள்.

கண்ணாடி பம்ப் எண்டா அளந்த தண்ணி ஊத்திப் பாருங்கோ. ரெண்டு குறிக்கு இடையில நாலரை லீற்றர் சொச்சம் பிடிச்சா எங்கட பழைய கலன் (இங்கிலாந்துக் கேலன்). 3.8 கிட்ட நிண்டா அமெரிக்கக் கலன். கைப்பம்பின்ர தோல் வாசர் காய்ஞ்சு கிடந்தா எறியாதேங்கோ, எண்ணெயில ஊறப் போடுங்கோ. பழைய பெயின்றில ஈயம் இருக்கும், தண்ணி போட்டுத் தேயுங்கோ, பிள்ளையள் பக்கத்தில நிக்க வேண்டாம். நிலத்துத் தாங்கியோட வந்த குழாய்க்குக் கிட்ட வெல்டிங் பிளாண்ட் கொண்டு போகாதேங்கோ, எத்தனை வருசமானாலும் ஆவி இருக்கும்.

என்ர அனுபவம் எண்டா, தம்பலகாமத்துப் பெடியன் ஒருத்தன் மீற்றர் ஒண்டு கொண்டு வந்தான். திருகாணித் தலையில ஆரோ டிரில் போட்டுப் பழுதாக்கிப்போட்டாங்கள், புதுசு வெட்டித் தாங்கோ எண்டான். அது பழுதில்லையடா, அளவுப் பரிசோதகர் கம்பி கோத்து ஈயமுத்திரை குத்திற ஓட்டை எண்டன். ஏற்கனவே ஒண்டை எறிஞ்சிட்டான். வேற ஒண்டுமில்லை.

உட்துறைமுகம்

மாமா கதை நாலு வரி, புத்தி நாப்பது வரி 😀

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பம்புத் தலையில வைக்கிற கண்ணாடிக் குளோப் துலைஞ்சுபோச்சு எண்டு புலம்பி, வெளிநாட்டில இருந்து ஷெல் சிப்பி போட்ட புதுக் குளோப் எடுப்பிச்சார். வீட்டுக்குப் போன நேரம் கதவுத் தகட்டை ஈரமாத் தேய்ச்சுக்கொண்டிருந்தார். மேல்ப்பூச்சு போக அடியில ஒரு நட்சத்திரத்தின்ர நிழல் வந்துது. கல்டெக்ஸ் கொம்பனிச் சின்னம்! ஷெல் குளோப் மேசையில பெட்டிக்குள்ள. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை.

என்ர கேள்வி இதுதான். 1961இல பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்து, அறுபதுகளின்ர நடுப்பகுதிக்குள்ள வெளிநாட்டுக் கொம்பனியளின்ர வியாபாரம் முழுக்க அங்க போயிற்றுது. அப்ப கொம்பனிப் பேர் போட்ட குளோப்பை இறக்கித்தானே இருப்பினம்? அது துலைஞ்ச சாமான் இல்லை, இறக்கின சாமான். மேல்ப்பூச்சோட வைக்கிறதெண்டா மொட்டைத் தலைதான் சரி. நட்சத்திரத்தை வெளிய எடுத்தா மட்டும் குளோப் வேணும்.

சீனன்குடாக்காரன்

எங்கட ஊரில 101 எண்ணெய்த் தாங்கி கட்டி 99தான் மிச்சம். ஒண்டு 1942 ஏப்ரல் ஜப்பான்காரன்ர அடியோட போச்சு. நீங்கள் ஒரு குளோப்புக்கு அழுறீங்கள்.

லேத் மாமா

அது கடற்படைக் கப்பலுக்கு எண்ணெய் வைச்ச தாங்கி. பெற்றோல் செட் பம்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உட்துறைமுகம் சொன்னதும் அரைவாசிதான் சரி. பூச்சு மாறினதாலயே குளோப் இறக்கினது எண்டு சொல்லேலாது. குளோப் இருக்கிற வளையத்துக்குள்ள பாக்கவேணும். திருகாணி துருப்பிடிக்காம, வளையத்துக்குள்ளயும் மேல்ப்பூச்சு இறங்கியிருந்தா, பூச்சு அடிக்க முந்தியே குளோப் போயிற்றுது. உள்ளுக்கை பழைய நிறம் எண்டா பூச்சு அடிக்கேக்க குளோப் மேல இருந்திருக்கு.

உவர்மலையான்

மாமா, அரை இஞ்சி நட்டு பாத்தன். 12. அப்ப கைபிடித் தண்டும் விட்வேர்த்தாத்தான் இருக்கவேணும் என்ன? தண்டு முனையில குறுக்கால ஒரு ஊசி ஓட்டையும் கிடக்கு.

லேத் மாமா

ஊசி ஓட்டை எண்டா அது புரியில்லை, பின் அடிச்சு நிப்பாட்டிறது. தண்டின்ர விட்டத்தை வேர்னியரால அளந்து போடும். கைபிடின்ர நீளத்தை என்னட்டக் கேக்காதையும். அந்த ஐயாவைத் திரும்ப நிப்பாட்டி, கை சுத்தின வட்டத்தை அளவெடும்.

கிண்ணியா பெயின்டர்

தோல் வாசர் ஊறப்போட என்ன எண்ணெய் மாமா? தேங்காயெண்ணெய் சரியா?